வருமுன் காப்பது யார் பொறுப்பு?

நாட்பட்ட நோய்கள், ஒருங்கிணைந்த மருத்துவம், சுற்றுச்சூழல் நலம்: ஓர் ஆய்வு

காலராவும் பெரியம்மையும் ஊரைக் காலி செய்த காலத்தில் மருத்துவத்தின் வேலை தெளிவாக இருந்தது. கிருமியைக் கண்டுபிடிக்க வேண்டும், தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும், ஊசி போட வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட மூச்சடைப்பு ஆகியவற்றில் அப்படி ஒரு தனிக் குற்றவாளி கிடைப்பதில்லை. தட்டில் விழும் சோறு, பார்க்கும் வேலை, குடிக்கும் நீர், இழுக்கும் மூச்சு, பெற்றோர் வழி வந்த உடல்வாகு என்று எல்லாம் சேர்ந்து பத்து, இருபது ஆண்டுகளில் ஒரு நோயை வளர்த்தெடுக்கின்றன.

அதன் அளவை 2023-இல் வெளியான ஒரு நாடு தழுவிய ஆய்வு காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு அது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அது கணக்கிட்டது. பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. புதுச்சேரியிலும் கேரளத்திலும் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் வருகின்றன. வாயைக் கட்டு, தினமும் நட என்பது ஒன்று. பாட்டன் பூட்டன் சாப்பிட்ட உணவுக்கும் நாட்டு மருந்துக்கும் திரும்பு என்பது இன்னொன்று. காற்றையும் நீரையும் கெடுத்துவிட்டுத் தனி மனிதருக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை என்பது மூன்றாவது. மூன்று தரப்பும் தனித்தனி மேடைகளில் பேசுகின்றன. ஒன்றின் கணக்கை மற்றொன்று பார்ப்பதில்லை. இம்மூன்றையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படி நிறுத்தால் கிடைக்கும் முடிவு இது: தனி மனிதர் கையில் இருப்பதை அவரிடம் கேட்க வேண்டும், அவர் கையில் இல்லாததை அரசிடமும், அவருக்கு வேலை கொடுப்பவரிடமும், தொழிற்சாலையிடமும் கேட்க வேண்டும். ஒருங்கிணைந்த மருத்துவம் என்ற பெயருக்குப் பொருத்தமானது இந்தப் பொறுப்புப் பங்கீடுதான்.

உணவும் நடையும்: சோதனைகள் சொன்னது

சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு முதல் பெரிய பதில் சீனாவின் தாச்சிங் நகரிலிருந்து வந்தது. 1986-இல் அங்கே சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 577 பேரைச் சேர்த்து, சிலருக்கு உணவு ஆலோசனை, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும் என்று ஆறு ஆண்டுகள் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்தன. ஆயுளும் சற்றுக் கூடியிருந்தது. 2001-இல் பின்லாந்திலும் 2002-இல் அமெரிக்காவிலும் வெளியான சோதனைகள், உணவையும் உழைப்பையும் முறையாக மாற்றினால் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறையும் என்று காட்டின.

நம் உடலுக்கு இது பொருந்துமா? சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புச் சோதனை இதற்குப் பதில் தேடியது. 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவு, நடை ஆகியவற்றில் தொடர் வழிகாட்டல் பெற்ற குழுவில் அது 39-ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிலும் 39 பேர்தான்.

இந்தக் கடைசி எண்ணை ஒருங்கிணைந்த மருத்துவம் பேசுகிற எல்லோரும் கவனிக்க வேண்டும். இரண்டு நல்ல வழிகளைச் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இங்கே கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. சேர்ப்பதாலேயே ஒரு மருத்துவம் ஒருங்கிணைந்துவிடுவதில்லை. சேர்த்ததால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் அளந்தாக வேண்டும். இன்னொரு செய்தியும் இதே எண்ணில் இருக்கிறது. நல்ல வழிகாட்டல் கிடைத்த பிறகும் மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கு 39 பேர் நோயாளி ஆனார்கள். தனி மனிதரின் முயற்சி பலன் தருகிறது. ஆனால் அது மட்டும் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதற்குத் தட்டே ஒரு சாட்சி. 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, தெற்காசியர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 630 கிராம் வெள்ளைச் சோறு உண்பதாகச் சொன்னது. குறைவாக உண்பவர்களோடு ஒப்பிட, அதிகமாக உண்ட தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல். இதை வைத்துச் சோற்றைக் குறை என்று சொல்வது எளிது. ஆனால் ரேஷன் கடையில் இலவசமாக அரிசி கிடைக்கிறது. பருப்பும் காய்கறியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூலி வேலை பார்க்கும் குடும்பத்தில் வயிற்றை நிரப்புவது அரிசிதான். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு பெறலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. சிறிய ஏற்பாடுதான் என்றாலும், ஆலோசனை சொல்வதோடு நிற்காமல் ஆலோசனைப்படி நடக்க வழி செய்து கொடுத்த ஏற்பாடு அது.

பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாநிலம் இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியது. ஐம்பது வயதுக்குள் ஆண்கள் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்த அந்த மாநிலத்தில், 1972-இல் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெயைக் குறைக்கும்படி வீடு வீடாகச் சொன்னார்கள். கூடவே பால் பண்ணை, இறைச்சிக் கடை, பள்ளி உணவு, புகையிலைச் சட்டம் எல்லாவற்றையும் தொட்டார்கள். வேலை செய்யும் வயது ஆண்களில் இதய நோய்ச் சாவு அடுத்த சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மனிதர்கள் மாறினார்கள், அவர்கள் மாறுவதற்குக் கடையும் சந்தையும் சட்டமும் துணை நின்றன.

வாசலுக்கு வந்த மருத்துவம்

வந்துவிட்ட நோய் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் தடுப்பதும் முன்தடுப்புதான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கால் தப்பும், கண் தப்பும், டயாலிசிஸ் தள்ளிப்போகும். இதில் நாம் எந்த இடத்தில் இருந்தோம் என்பதை 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பு அப்பட்டமாகச் சொன்னது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது; சர்க்கரை நோயாளிகளில் 11 பேருக்கு. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், பேருந்து பிடிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். உடம்பில் வலி எதுவும் தெரியாதபோது யார் அதைச் செய்வார்கள்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தத் தடையைக் கண்டறிந்து அகற்றிய திட்டம். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட ஒரு பெண், பையில் ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். திண்ணையிலேயே உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். அளவைக் குறித்துக்கொண்டு மாத்திரையைக் கொடுக்கிறார். போன முறை கொடுத்த மாத்திரை மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்கிறார். அதே ஊர்க்காரர் என்பதால், "மாத்திரை போட்டா மயக்கம் வருது, அதான் விட்டுட்டேன்" என்று மருத்துவரிடம் சொல்லாததை அவரிடம் சொல்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும், வலி தணிக்கும் சிகிச்சையும் இதே வழியில் போய்ச் சேருகின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று பணியிடங்களுக்கும் இது விரிந்தது.

திண்ணை வரை வந்த மருத்துவம் இன்னும் ஓர் அடி எடுத்துவைக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்தச் சுகாதாரப் பணியாளருக்கு அடுப்பு தெரிகிறது, குடிநீர்க் குடம் தெரிகிறது, அலமாரியில் இருக்கும் நாட்டு மருந்துப் பொடி தெரிகிறது, வீட்டுக்காரர் என்ன வேலைக்குப் போகிறார் என்று தெரிகிறது. மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்குக் கிடைக்காத தகவல் இது. இதை ஏட்டில் ஏற்றினால் ஒரு கிராமத்தின் நோய்க்கும் அந்தக் கிராமத்தின் சூழலுக்கும் உள்ள தொடர்பு தானாகத் தெரியவரும்.

சித்த மருத்துவமும் நவீன மருத்துவமும்

அலமாரியில் இருக்கும் அந்தப் பொடிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று வலுவான அமைப்பு இருக்கிறது. ஒரே நோயாளி இரண்டு பக்கமும் போகிறார். அங்கே போவதை இங்கே சொல்வதில்லை, இங்கே போவதை அங்கே சொல்வதில்லை. திட்டுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

மூலிகையிலிருந்து நல்ல மருந்து வரும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா ரத்தக்கொதிப்பைக் குறைக்கிறது என்பதை நோயாளிகளிடம் அளந்து 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகின் முதல் நல்ல ரத்தக்கொதிப்பு மருந்துகளில் ஒன்றான ரிசர்பின் அந்தச் செடியிலிருந்து வந்தது. இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய ஒரு செடியின் வேதிப்பொருளைத் தேடிப்போன ஆய்வுகள்தான். இந்த இரண்டும் பழமை என்ற பெயரால் ஏற்கப்படவில்லை. அளவு, பலன், பக்கவிளைவு மூன்றையும் அளந்த பிறகே ஏற்கப்பட்டன.

இயற்கையானது என்பதாலேயே தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்றும் வலுவானது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கும் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போயிற்று. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம் என்று தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பால்கன் நாடுகளின் ஆற்றங்கரைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த சிறுநீரக நோய்க்கும் இதே இனச் செடியின் விதை கோதுமையில் கலந்ததுதான் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. நம் ஊரில் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் கொடுக்கப்பட்டுவந்த ஆடுதீண்டாப்பாளையும் கருடக்கொடியும் அதே அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. இந்தச் செய்தி ஒவ்வொரு நாட்டு மருந்துக் கடைக்கும் போய்ச் சேர வேண்டும்.

உலோகம் சேர்ந்த மருந்துகளின் நிலையும் இதுதான். 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து, ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருப்பதைக் கண்டது. முறைப்படி சுத்தி செய்த பர்ப்பமும் செந்தூரமும் தீங்கு செய்யாது என்பது சித்த மருத்துவர்களின் நிலைப்பாடு. அதை நிரூபிக்கும் வழி இருக்கிறது: ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து முடிவை வெளியிடலாம், மருந்து எடுப்பவர்களின் ஈரல், சிறுநீரகச் செயல்பாட்டை முன்னும் பின்னும் அளக்கலாம். நேர்மையான சித்த மருத்துவர் எவரும் இதற்கு அஞ்ச மாட்டார். போலி மருந்து விற்பவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவதும் இதுதான்.

யோகாவை இதே முறையில் அளந்திருக்கிறார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்த ஏறத்தாழ 4,000 பேரை இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தார்கள். வழக்கமான வேலைகளுக்குத் திரும்புவதிலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், சாவு ஆகியவற்றைக் குறைத்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனவே அதைப் பரிந்துரைக்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது.

"சர்க்கரையை அடியோடு குணப்படுத்துகிறோம்" என்ற விளம்பரங்களையும் இப்படியே எடைபோட வேண்டும். பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள் கடுமையான உணவுத் திட்டத்தின் மூலம் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. இது பெரிய சாதனை. மருத்துவர் கண்காணிப்பில், தொடர் சோதனையோடு, எல்லோருக்கும் கிடைக்காத சாதனை. இன்சுலின் இல்லாமல் உயிர் வாழ முடியாத முதல் வகை நோயாளியிடம் இதே வாக்குறுதியைச் சொல்வது உயிரோடு விளையாடுவது.

சித்த மருத்துவத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பதை நாம் சரியாகப் பார்க்கவில்லை. அது நோயாளியோடு உட்கார்ந்து பேசுகிறது. பசி எப்படி, தூக்கம் எப்படி, மலம் எப்படி, எந்தப் பருவத்தில் உபாதை கூடுகிறது என்று கேட்கிறது. மருந்தோடு பத்தியத்தையும் சொல்கிறது. நவீன மருத்துவத்தின் நீரிழிவுத் தடுப்புச் சோதனைகள் பெரும் செலவில் நிரூபித்ததும் இந்தத் தொடர் உரையாடலின் பலனைத்தான். நூறு நோயாளிகளைப் பார்க்க வேண்டிய அரசு மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. பக்கத்து அறையில் இருக்கும் சித்த மருத்துவர் அதைச் செய்யலாம். இருவரும் ஒரே நோயாளிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பதே நிபந்தனை. சர்க்கரையைக் குறைக்கச் சிறுகுறிஞ்சான் எடுப்பவர் அதே வேலையைச் செய்யும் கிளிபென்கிளமைடு மாத்திரையும் எடுக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தால்தான் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து அவர் மயங்கி விழாமல் காக்க முடியும்.

தண்ணீர்: 1937 முதல் 2013 வரை

சில நோய்களுக்கு எந்த மருத்துவ முறையிலும் மருந்து கிடையாது. ஃபுளோரோசிஸ் அப்படிப்பட்டது. நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாதது என்பது தர வரம்பு. அந்தத் தண்ணீரைக் குழந்தைப் பருவத்திலிருந்து குடித்தால் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை விழும். தொடர்ந்து குடித்தால் எலும்பும் தசைநாரும் இறுகும். இதைக் கண்டறிய மருத்துவர்கள் மூன்று எளிய செயல்களைச் செய்யச் சொல்கிறார்கள்: முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும், தாடையை நெஞ்சில் பதிக்க வேண்டும், இரு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். நோய் முற்றியவர்களால் மூன்றும் முடியாது. குனிந்து நாற்று நட முடியாது, தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்க முடியாது. இறுகிய எலும்பு மறுபடி இளகுவதில்லை.

இந்த நோயை இந்தியாவில் முதலில் விவரித்தவர்கள் சென்னை மாகாணத்து மருத்துவர்கள். அன்றைய மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பார்த்ததை 1937-இலேயே ஆய்விதழில் எழுதினார்கள். காரணம் தண்ணீர் என்று அன்றே தெரிந்தது. இதே நோயால் நெடுங்காலம் அவதிப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலில் இருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல். அறிவுக்கும் குழாய்க்கும் இடையே எழுபத்தாறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்தவர்களின் எலும்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. அறிவு இருந்தும் செயல் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

காற்று: அடுப்பிலிருந்து ஆலை வரை

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நுண்துகள் மாசுக்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இந்தியாவின் சட்ட வரம்பு இன்னும் 40. தலைமுடியின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் இந்தத் துகள்கள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தக் குழாயில் அழற்சியை உண்டாக்குகின்றன. இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. சென்னையிலும் டெல்லியிலும் 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, காற்றில் நுண்துகள் கூடக் கூடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுவதைக் கண்டது. சர்க்கரை நோயாளிக்குக் காலையில் நடக்கச் சொல்கிறோம். எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் எந்தக் காற்றில் நடப்பது என்றும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

புகைபிடிக்காத பெண்களுக்கு மூச்சடைப்பு நோய் வருவது விறகடுப்பால் என்பது நெடுநாள் அறிந்தது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் இத்துறையில் உலகறிந்த ஆய்வாளர். அவரும் பங்கேற்ற நான்கு நாட்டுச் சோதனை ஒன்றின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. கர்ப்பிணிப் பெண்களுக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகடுப்பிலேயே சமைத்த குழுவினர் இழுத்த நுண்துகள் அளவு ஏறத்தாழ 71 மைக்ரோகிராமாக இருக்க, இவர்களிடம் அது 24-ஆக இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் அதை மறைக்காமல் சொன்ன இந்த ஆய்வை மதிக்க வேண்டும். சுற்றுச்சூழல் பேசுபவர்களும் தங்கள் வாதத்தைத் தராசில் வைக்கக் கடமைப்பட்டவர்கள். சமையல் புகை குறைந்ததே பெரிய நன்மை. அந்த நன்மை நிலைக்க, சிலிண்டர் தீர்ந்ததும் பெண்கள் விறகுக்குத் திரும்பாதபடி விலை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வெயில்: உப்பளத்தில் உருவாகும் சிறுநீரக நோய்

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் உச்சி வெயில் காலம்தான் உற்பத்திக் காலம். கணுக்கால் வரை உப்பு நீர். மேலே சூரியன், கீழே வெள்ளை உப்பிலிருந்து எதிரடிக்கும் ஒளி. பெண்கள் உப்பை வாரிக் கூடையில் சுமந்து வரப்பேறிக் கொட்டுகிறார்கள். பல உப்பளங்களில் கழிப்பறை கிடையாது; ஒதுங்க மரமும் இல்லை. அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. மாலையில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. வலி மாத்திரை அதை மேலும் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் சர்க்கரையும் கொதிப்பும் இல்லாமலே சிறுநீரகம் பழுதாகிறது.

ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வட மத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடமும் இதே போன்ற நோய் பல ஆயிரம் குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது. இலங்கையில் 1990-களின் நடுவில் கவனத்துக்கு வந்த இந்த நோய்க்குப் பூச்சிமருந்து, கடின நீர், ஃபுளோரைடு, வெப்பம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று மட்டுமே காரணம் என்று ஒப்புக்கொள்ளப்படவில்லை. இடத்துக்கு இடம் கலவை மாறலாம்.

முடிவான காரணம் தெரியும் வரை காத்திருக்க வேண்டுமா? நிகரகுவாவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்குக் கட்டாய ஓய்வு, நிழல், தண்ணீர் மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவடைக் காலத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதில் விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. ஒரு தார்ப்பாய்ப் பந்தல், தண்ணீர்த் தொட்டி, மணிக்கு ஒரு முறை உட்காரும் உரிமை. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு நிவாரணம் என்றது. சாவுக்குக் கொடுக்கும் நிவாரணத்துக்கு முன்னால், உப்பளக் குத்தகைக்கான நிபந்தனைகளில் கழிப்பறையையும் நிழலையும் ஓய்வு நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

சட்டம் என்னும் மருந்து

முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான் வந்தது. வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றில் விட்ட கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை நிலைநாட்டியது. கேடு வரும் என்று முழுமையாக நிரூபணம் ஆகும் வரை காத்திருக்கத் தேவையில்லை; கேடு செய்யவில்லை என்று காட்டும் சுமை ஆலையுடையது. கெடுத்தவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும். 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவும் இந்த வழியில் வந்ததே.

மருந்துக்கு ஒரு நியாயம், மாசுக்கு ஒரு நியாயம் என்று நாம் நடப்பதை இந்தத் தீர்ப்பு கேள்வி கேட்கிறது. புதிய மாத்திரை ஒன்று சந்தைக்கு வர, பாதுகாப்பானது என்று உற்பத்தியாளர் முதலில் காட்ட வேண்டும். ஆற்றில் கலக்கும் ரசாயனத்துக்கோ, அதனால் பாதிக்கப்பட்டவர்தான் நீதிமன்றப் படியேறி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளை நெருங்கும் நிலையில், 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. கொள்கை நன்றாக இருக்கிறது. நடைமுறை அதைத் தொடரவில்லை.

என்ன செய்யலாம்?

மேலே கண்ட சான்றுகள் ஐந்து செயல்களை நோக்கி நகர்த்துகின்றன.

முதலாவது, மக்களைத் தேடி மருத்துவத்தின் நோயாளிப் பதிவில் நான்கு கேள்விகளைச் சேர்க்க வேண்டும். என்ன வேலை? எங்கிருந்து குடிநீர்? எந்த அடுப்பு? வேறு என்ன மருந்து? இந்த நான்கின் பதில்களை ஊர்வாரியாகத் தொகுத்தால், எந்த ஊரில் எந்த நோய் ஏன் கூடுகிறது என்று முன்கூட்டியே தெரியும்; 1937-க்கும் 2013-க்கும் இடையே நேர்ந்தது மறுபடி நேராது.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே பதிவேட்டைப் பயன்படுத்த வேண்டும். உலோகம் சேர்ந்த மருந்துகளின் சோதனை முடிவு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். பக்கவிளைவைத் தெரிவிப்பது எந்த மருத்துவ முறையையும் அவமதிப்பதாகக் கருதப்படக் கூடாது.

மூன்றாவது, வெயிலில் உழைக்கும் உப்பளம், செங்கல் சூளை, கட்டடம், வயல் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் சிறுநீரகப் பரிசோதனை நடத்த வேண்டும்; நிழல், நீர், கழிப்பறை, ஓய்வு ஆகியவை சட்ட உரிமையாக வேண்டும்.

நான்காவது, தருமபுரியிலும் நீலகிரியிலும் தொடங்கிய கேழ்வரகு ஏற்பாட்டின் பலனை அளந்து, நன்மை உறுதியானால் பருப்போடும் சிறுதானியத்தோடும் மாநிலம் முழுவதற்கும் விரிக்க வேண்டும். அரிசி பறிக்கப்படுகிறது என்ற அச்சம் ஏழை வீட்டில் எழாதபடி அதைச் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, ஓர் ஆலைக்கோ அனல்மின் நிலையத்துக்கோ அனுமதி கொடுக்கும்போது, சுற்றியுள்ள மக்களின் உடல்நிலை முன்பு எப்படி இருந்தது என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாததால்தான் பின்னர் எல்லாப் பாதிப்பையும் மறுக்க முடிகிறது.

இவற்றில் பெரும்பாலானவை மருத்துவத் துறையின் கையில் இல்லை. குடிநீர் வாரியம், உணவு வழங்கல், தொழிலாளர் நலம், மின்சாரம், மாசுக் கட்டுப்பாடு ஆகிய துறைகளின் வேலை. முன்தடுப்பு தோற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்: நோய் ஒரு துறையின் கணக்கில் விழுகிறது, அதன் காரணங்களோ மற்ற துறைகளின் கணக்கில் இருக்கின்றன. சுகாதாரத் துறை எத்தனை மாத்திரை கொடுத்தது என்று ஆண்டறிக்கையில் எண்ணுகிறோம். எத்தனை பேருக்கு நோய் வராமல் போயிற்று என்பதை மற்ற எல்லாத் துறைகளும் சேர்ந்து கணக்குக் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

நோயாளியும் தம் பங்கைச் செய்ய வேண்டும்: நடக்கலாம், சோற்றைக் குறைக்கலாம், மாத்திரையை விடாமல் எடுக்கலாம், எடுக்கும் நாட்டு மருந்தை மறைக்காமல் சொல்லலாம். அதைக் கேட்கும் தகுதி, தன் பங்கைச் செய்த அரசுக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. உப்பளத் தொழிலாளியிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்பவர், அவருக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.